சிலையாருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

எதிரி நம் கோட்டைக் கதவைத் தாண்டி உள்ளே போய், இரண்டு பேரைச் சாய்த்து, கொடியைப் பிடுங்கிக்கொண்டு, அதே கதவு வழியாக சாவகாசமாக வெளியே வந்தான். கதவுக்குக் காவல் நின்றவர் நம்மவர். வாளை ஓங்கியபடிதான் நின்றார். ஓங்கிய வாள் இறங்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் படம் உறைந்துபோய், மறுபடி அது அசைந்தபோது எதிரி தன் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.

"சிலை, உங்களைத் தாண்டித்தானே போனான்?" ஹெட்போனில் கேப்டனின் குரல் கேட்டது.

"இல்லைங்க கேப்டன். என் திரையில அவன் இன்னும் வரவே இல்ல."

கேப்டனை அணியில் யாரும் நேரில் பார்த்ததில்லை. பெண் குரல். பகலில் எங்கோ நூறு பிள்ளைகளை மேய்க்கும் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் தாழ்த்துவார். இப்போது தாழ்த்தினார்.

"இன்னும் மூணு ஞாயித்துக்கிழமை இருக்கு. மூணாவது வாரம் அரையிறுதி. அதுக்குள்ள உங்க கம்ப்யூட்டரை ஒரு வழி பண்ணிடுங்க. இல்லேன்னா கதவுல வேற ஆளைத்தான் நிறுத்தணும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. நம்மவர் வேலை பார்ப்பது ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில். நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களைப் போட்டோ எடுப்பார். ஒரு நாளைக்கு இருநூறு தடவை "அசையாதீங்க" என்பார். பதினோரு வருஷமாக அவர் சொல்லும் ஒரே வார்த்தை அதுதான் என்று சொன்னாலும் பெரிய பிழையில்லை. வந்தவர்கள் அசையாமல் இருந்துவிட்டு எழுந்து போவார்கள், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மட்டும் நான்கு பேர் "சிலை வந்தாச்சா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அவருக்கு வேண்டியிருந்தது. அணியை விட்டு எடுத்துவிட்டால் அப்படிக் கேட்க உலகத்தில் வேறு ஆளில்லை.

சிலை என்ற பட்டப்பெயரே இந்த உறைதலில் வந்ததுதான். நாலு மாதத்துக்கு முன்பு வரை அவருக்குப் 'புயல்' என்று பெயர். பிறகு விளையாட்டின் புதுப் பதிப்பு ஒன்று வந்தது. பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதைத் தாங்கும் தெம்பில்லை என்று நம்மவர் முடிவு கட்டினார். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து விளையாட்டின் படங்களை வரைந்து தள்ளுகிற பலகைக்குத்தான் கிராஃபிக்ஸ் கார்டு என்று பெயர். அதற்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் இருந்த அறையில் இன்னொருவரும் இருந்தார். அவருடைய மாமனார். முழங்கால் இனிமேல் மாடிப்படி ஏறாது என்று சொல்லிவிட்டதால், நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பெட்டியும் ஒரு சாய்வு நாற்காலியுமாக மகள் வீட்டோடு வந்தவர். வேறு அறை இல்லாததால் ஜன்னலோரம் அவர் கட்டிலும், எதிர்ச் சுவரோரம் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் மேசையும் என்று ஏற்பாடாயிற்று.

முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயர்களைக் கட்டி மேய்த்த மனிதர் அவர். ஒயர் தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. வந்த முதல் நாளே, மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன நேரத்தில், வீட்டிலுள்ள அத்தனை ஒயர்களையும் நூல் போட்டுக் கட்டி, வெள்ளைச் சீட்டு ஒட்டி, நீல மையில் எண் போட்டுவிட்டார். ஃபிரிட்ஜுக்கு ஒன்று, வாஷிங் மெஷினுக்கு இரண்டு. கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் மட்டும் ஒன்பது. ஒயரில் நாலு என்றிருந்தால் அது போக வேண்டிய ஓட்டைக்கு மேலும் நாலு என்றிருக்கும். ஒயர் போகாத ஓட்டைகளுக்கு, எக்ஸ்சேஞ்சு வழக்கப்படி, 'காலி'.

நம்மவருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுவரை அந்த மேசைக்குப் பின்னால் ஒரு காடுதான் இருந்தது. ஆனால் மனைவிக்குப் பிடிக்கவில்லை. அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அவர் சாமான்ல இனிமே கை வைக்காதீங்கப்பா. அவருக்கு யோசனையும் சொல்லிட்டிருக்காதீங்க. அவரா கேட்டா மட்டும் சொல்லுங்க."

மாமனாருக்கு இது கஷ்டமான உத்தரவே இல்லை. கேட்ட நம்பருக்குத்தான் லைன் கொடுப்பார்கள், கேட்காத நம்பருக்குக் கொடுக்கிற பழக்கம் எந்த எக்ஸ்சேஞ்சிலும் கிடையாது. நம்மவரோ மரியாதை தெரிந்த மாப்பிள்ளை. பெரியவரிடம் ஒன்றைக் கேட்டு அவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று இருப்பவர். இப்படி ஒருவரை ஒருவர் மதித்தே இரண்டு பேரும் நாலு மாதத்தை ஓட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை நம்மவர் அரை நாள் லீவு போட்டுக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரரை எல்லோரும் 'டாக்டர்' என்பார்கள். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டுதான் எந்தக் கம்ப்யூட்டரையும் திறப்பார். திறந்ததும் உச்சுக் கொட்டுவார். கார்டு அடுக்கும் அலமாரியில் வரிசையாகப் பெட்டிகள் இருந்தன. நம்மவர் ஆசையாக ஒன்றை எடுத்தார். காற்றைப் போல் கனமில்லாமல் கையோடு வந்தது.

"எல்லாம் வெறும் டப்பாங்க. அலமாரி மொட்டையா இருந்தா கடையை மூடிட்டேன்னு நினைச்சுக்கிறாங்க," என்றார் டாக்டர்.

தொழிற்சாலையில் கார்டு செய்யச் சில்லு இல்லையாம். சில்லு இருந்தால் கப்பல் இல்லையாம். கப்பலும் கிடைத்து வந்து இறங்குவதை யாரோ மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் அறை அறையாக அடுக்குகிறார்களாம். டாக்டர் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். அதில் நம்மவரின் இடம் நூற்றுப் பதினேழு. மாதத்துக்கு மூன்று கார்டு வந்தாலே பெரிய விஷயம் என்றார். நம்மவர் மனதுக்குள் போட்டுப் பார்த்தார். தன் முறை வரும்போது கேப்டனே கிழவியாகிவிடுவார் என்று தோன்றியது.

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"பழைய கார்டு இருக்கா? கொண்டு வாங்க. பழசைத் தர்றவங்களுக்குத்தான் முதல்ல. இப்ப பழசுக்கே அடிச்சுக்கிறாங்க."

அன்று மாலையே நம்மவர் கம்ப்யூட்டரைத் திறந்து பழைய கார்டைக் கழற்றி, ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டர் அதை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் நூற்றுப் பதினேழை அடித்து, நோட்டில் இரண்டாவது இடத்தில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த நம்மவருக்கு, கார்டே இல்லாமல் படம் வருமா என்று ஒரு சந்தேகம். நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து என்று சீட்டுப் பார்த்து ஒயர்களைச் சொருகிவிட்டு பொத்தானை அமுக்கினார். படம் வந்தது. விளையாட்டும் ஓடியது. எப்போதும் போலவே நின்று நின்று ஓடியது. முதல் ஞாயிற்றுக்கிழமை கதவில் நின்றபோதும் அதே கதைதான்; கார்டு இல்லை என்பதை அணியில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

"பாத்தியா?" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இருந்தபோதும் இப்படித்தான், இல்லாதபோதும் இப்படித்தான். இத்தனை நாளா தண்டச்சோறு தின்னிருக்கு அந்தக் கார்டு."

சாய்வு நாற்காலியில் மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

"தண்ணி வேணுமா மாமா?"

"வேண்டாம் மாப்பிள்ளை."

இரண்டாவது வாரம் புதன்கிழமை கார்டு வந்துவிட்டதாக டாக்டர் போன் செய்தார். நம்மவர் க்யூவில் இருந்த இருபது பேரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கார்டு கம்பீரமாகத்தான் இருந்தது. ஒரு முழ நீளம், முதுகில் மூன்று காற்றாடிகள். கம்பீரத்தில் ஒரே குறை, அது நம்மவரின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழையவில்லை. டாக்டர் நெடுக்காகப் பிடித்துப் பார்த்தார், குறுக்காகப் பிடித்துப் பார்த்தார், உச்சுக் கொட்டினார். பெட்டியை மாற்ற வேண்டும். மாற்றினார்கள். புதுப் பெட்டிக்குள் கார்டு உட்கார்ந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. அதற்குத் தீனி போட பழைய பவர் சப்ளை போதவில்லை. அதையும் மாற்றினார்கள். பவர் சப்ளையின் சூட்டை வெளியே தள்ள இன்னும் இரண்டு காற்றாடிகள் வேண்டியிருந்தன. எல்லாம் முடிந்து டாக்டர் தன் கடை மானிட்டரில் இணைத்து விளையாட்டைப் போட்டுக் காட்டினார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. புல் தனித்தனியாக அசைந்தது. எதிரியின் மூக்கில் மச்சம் இருப்பதை நம்மவர் அன்றைக்குத்தான் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பழைய பெட்டியோடு மாமனாரின் சீட்டுகளும் போய்விட்டிருந்தன. மீதி ஒன்றிரண்டை டாக்டர் குப்பை என்று நினைத்து உரித்துப் போட்டுவிட்டார். நம்மவருக்கு அது ஒன்றுதான் வருத்தம். புதுப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்ததும், நாலு மாதத்தில் முதல் தடவையாக மாமனாரிடம் ஒரு உதவி கேட்டார்.

"மாமா, சிரமம் இல்லேன்னா சீட்டெல்லாம் மறுபடி ஒட்டித் தர்றீங்களா?"

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பழையபடியேவா மாப்பிள்ளை?"

"ஆமாம் மாமா. அச்சு அசலா பழையபடியே. ஒண்ணுகூட மாறக் கூடாது."

மாமனார் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நீலப் பேனாவை எடுத்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நம்மவர் நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து என்று சொருகி, பொத்தானை அமுக்கி, விளையாட்டைத் திறந்து, கதவில் போய் நின்று வாளை ஓங்கினார். வாள் இறங்கவில்லை.

அவர் டாக்டருக்குப் போன் போட்டார். கடையில் ஓடியது வீட்டில் ஓடவில்லை என்றால் வீட்டில்தான் கோளாறு என்று டாக்டர் சொன்னார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. மின்சாரத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும், யு.பி.எஸ். ஒன்று வையுங்கள் என்றார். வைத்தார். ஃபிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் அந்த யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தியது. அதனால் விளையாடும் நேரத்தில் ஃபிரிட்ஜை நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் காலையில் பால் திரிந்துபோய் காபி இல்லாமல் போயிற்று. மனைவி வெந்நீரை டம்ளரில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கத்தலும் உறைதலுமாகவே கழிந்தது. "இன்னும் ஒரு வாரம்தான்," என்று மட்டும் கேப்டன் சொன்னார். குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது.

அடுத்து சூடு. அறை சூடாக இருக்கும், பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டுக் காற்றடியுங்கள் என்றார் டாக்டர். நம்மவர் வீட்டிலிருந்த இரண்டு டேபிள் ஃபேன்களையும் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார். மாமனாரின் செய்தித்தாள் பக்கம் பக்கமாகப் பறந்தது. அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பறக்காத ஒரே பக்கத்தைப் படித்தார். படம் உறைவது மட்டும் நிற்கவில்லை.

பிறகு நம்மவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடக்க ஆரம்பித்தார். மூன்று நாளில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் கடையில் வெண்ணெய், வீட்டில் சிலை. மூன்றாவது தடவை வாசலில் பக்கத்து வீட்டு அம்மா வழிமறித்துப் பெட்டிக்கு என்ன உடம்பு என்று விசாரித்தார்.

"வெளியில நல்லாத்தாங்க இருக்கு. வீட்டுக்கு வந்தாத்தான் அசைய மாட்டேங்குது."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்," என்றார் அந்த அம்மா. "பழகிடும்."

வீட்டில் மனைவியும் ஒரு யோசனை சொன்னாள். "கடையிலதான் நல்லா ஓடுதுன்னா அதை அங்கேயே விட்டுடுங்க. அதுகூட நீங்களும் அங்கேயே இருந்துக்கலாம்." டாக்டரை வீட்டுக்கு ஒரு நடை வரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார் நம்மவர். கடையைச் சுற்றிக் கார்டு கேட்டுக் கூட்டம் நிற்கிறது, ஒரு நிமிஷம் நகர்ந்தால் வெறும் டப்பாவையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று டாக்டர் மறுத்துவிட்டார். அதிலும் நியாயம் இருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது. நம்மவர் மத்தியானமே ஆயத்தமாகிவிட்டார். ஃபிரிட்ஜை நிறுத்தினார், வாஷிங் மெஷினை நிறுத்தினார், இரண்டு ஃபேன்களையும் முடுக்கினார். மாமனார் கேட்காமலே போர்வையை எடுத்துக்கொண்டார். ஒன்பது ஒயர்களையும் ஒரு தடவை உருவி, சீட்டுப் பார்த்து, மறுபடி அழுத்தமாகச் சொருகினார். நாலுக்கு நாலு, சரியாக இருந்தது.

நான்கு மணிக்கு "சிலை வந்தாச்சா?" என்று நான்கு பேரும் கேட்டார்கள். வந்தாச்சு என்று சொல்லிவிட்டுக் கதவில் போய் நின்றார்.

ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிஷம் எதிரிகள் மூன்று பேர் வரிசையாகக் கதவு வழியே உள்ளே போனார்கள். மூன்றாவது ஆள் நம்மவர் முன்னால் நின்று, வணக்கம் போட்டுவிட்டுப் போனதாக அப்புறம் சொன்னார்கள். நம்மவர் பார்க்கவில்லை. முதல் சுற்று போயிற்று.

"சிலை," என்றார் கேப்டன். குரல் காதில் விழாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "நீங்க கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க. இன்னொருத்தர் காத்துட்டு இருக்கார்."

நம்மவர் உட்கார்ந்து பார்த்தார். வேறென்ன செய்ய முடியும். புதிதாக வந்தவர் கதவில் போய் நின்றார். அதன் பிறகு அந்தக் கதவு வழியாக ஒரு ஈ காக்கைகூட நுழையவில்லை. வாள் இறங்கிய வேகத்தை நம்மவரின் திரையால் முழுதாகக் காட்டக்கூட முடியவில்லை. அடுத்த இரண்டு சுற்றையும் அணி ஜெயித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நம்மவரும் வாழ்த்துச் சொன்னார். மனதாரத்தான் சொன்னார், ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்ன கார்டுங்க வச்சிருக்கீங்க?" என்று புதியவரிடம் கேப்டன் கேட்டார். "இந்தப் பஞ்சத்துல எங்க பிடிச்சீங்க?"

"பழசுதாங்க. டாக்டர்னு ஒருத்தர் கடை வச்சிருக்காரே, அவர்கிட்ட போன வாரம் கிடைச்சுது. யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்துட்டுப் போயிருக்கார். அந்த ஆளுக்கு அதை எப்படி மாட்டணும்னே தெரியல போல."

"ஏன்?"

"மானிட்டர் ஒயரைக் கார்டுல இருக்கிற ஓட்டையிலதானே சொருகணும்? கம்ப்யூட்டர்லயே இன்னொரு ஓட்டை இருக்கும், அதுல சொருகினா படம் வரும், ஆனா கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். இந்த ஆள் கார்டு ஓட்டை மேலயே 'காலி'ன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கார். நீல மையில, அழகான கையெழுத்து."

அணி முழுக்கச் சிரித்தது. நம்மவரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தார். இரண்டு ஃபேன்களையும் அணைத்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு மேசைக்கு அடியில் புகுந்து, பெட்டியின் முதுகுப் பக்கம் அடித்துப் பார்த்தார். மேலே நாலாம் ஓட்டையில் நாலாம் ஒயர், மானிட்டர் ஒயர், கச்சிதமாக இருந்தது. கீழே, புதுக் கார்டின் பளபளப்பான ஓட்டைக்கு மேல், மாசு மருவில்லாமல் ஒரு வெள்ளைச் சீட்டு: காலி.

நம்மவர் அங்கேயே, மேசைக்கு அடியிலிருந்தே, தலையை மட்டும் திருப்பினார். மாமனார் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா... இந்த ஓட்டை எப்பவுமே காலியாத்தான் இருந்துச்சா?"

மாமனார் மடித்த போர்வையைக் கட்டிலில் வைத்தார். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

"இல்லையே மாப்பிள்ளை, நான் வந்த அன்னைக்கு மானிட்டர் ஒயர் அதுலதான் இருந்துச்சு, தொங்கிட்டு அசிங்கமா இருக்கேன்னு மேல மாத்தினேன், அன்னையிலேருந்துதான் உங்களுக்குப் படம் நிக்குது, எப்பத்தான் கேப்பீங்கன்னு நாலு மாசமா பாத்துட்டே இருக்கேன்."